குழாயிலேருந்து நடந்து வாரும்

வாரும் மருமகப்பிள்ளை, உக்காரும். மூஞ்சியப் பாத்தா மறுவீட்டுல கறி போடாம அனுப்புன மாதிரி இருக்கு. என்ன சங்கதி? கம்ப்யூட்டர்ல பாட்டு வரலையா? அம்புட்டுதானா!

டவுனுக்குத் தூக்கிட்டுப் போனீராம்ல. கடைக்காரன் மூடியைக்கூடக் கழத்தாம, "இது கிழடாயிட்டு அண்ணாச்சி, புதுசு வாங்கிருங்க"ன்னுட்டானாம். நல்லவேளை, அவன் வைத்தியத்துக்குப் படிக்கலை. முழங்கால் வலின்னு நான் போயிருந்தா, மாமனாரையே மாத்திருங்கன்னு உமக்குச் சீட்டு எழுதியிருப்பான்.

நான் ஊர் ஊரா மைக் செட் கட்டுனவன். இசைத்தட்டு, கேசட்டு, கடைசியா இந்தக் கம்ப்யூட்டரு, எல்லாத்தையும் கோயில் கொடைக்குச் சுமந்திருக்கேன். நடுச்சாமத்துல பாட்டு நின்னா என்ன செய்வோம் தெரியுமா? ஆம்ப்ளிஃபயரைப் பிரிச்சுக்கிட்டு உக்காந்தா ஊர்க்காரன் நம்மளப் பிரிச்சுருவான். நேரா பனைமரத்துல கட்டுன குழாய் ஸ்பீக்கருக்குக் கீழ போயி நிக்கணும். அங்கேருந்து வயரைப் புடிச்சுக்கிட்டே நடந்து வரணும். வழியில எங்கேயாவது ஒரு வெள்ளாடு மென்னுக்கிட்டு நிக்கும். நீரு என்ன செஞ்சீரு? எடுத்த எடுப்புல விண்டோஸை அழிச்சுட்டுத் திரும்ப ஏத்துனீரு. பேன் கடிச்சதுக்கு மொட்டை போட்டா நேர்த்திக்கடன்னாவது சொல்லிக்கிடலாம். இதுக்கு என்ன சொல்லுவீரு?

சரி, நடப்போம். ஸ்பீக்கர்ல சிவப்பு லைட்டு எரியுது. நல்லது. பெட்டிக்குப் பின்னால குனிஞ்சு பாரும். தொந்தி இடிக்குதோ? பரவால்ல, என் மக சமையல் அப்படி. மூணு ஓட்டை தெரியுதா? பச்சை, சத்தம் வெளியே போற வழி. ரோஸ், மைக்குக்கு. நீலம், வெளியேருந்து சத்தம் உள்ளே வர்ற வழி. உம்ம ஸ்பீக்கர் வயரு எதுல இருக்கு? ரோஸ்ல. ஆக, பாட வேண்டியவன் வாயைப் பாத்து பெட்டி காது குடுத்துக்கிட்டு இருந்திருக்கு, பெட்டி பாடும்னு நீரு காது குடுத்துக்கிட்டு இருந்திருக்கீரு. நல்ல ஜோடி.

பச்சைக்கு மாத்தியாச்சு, இன்னும் சத்தமில்லையா? கடிகாரத்துக்குப் பக்கத்துல இருக்கிற ஸ்பீக்கர் படத்தை ரெண்டு தட்டு தட்டும். வரிசையா குமிழ் வரும். அதுல 'வேவ்'னு ஒண்ணு இருக்கு பாரும், அதுக்குக் கீழ மியூட்ல டிக்கு. பேரப்பிள்ளை கைவேலை. அந்த டிக்கு இருக்கிற வரைக்கும் விண்ஆம்ப் போட்டாலும் விஎல்சி போட்டாலும் ஊமைதான். இதுக்கா நாலு பிளேயரை இறக்கி ஏத்துனீரு?

இப்பப் பாடுது. ஆனா கல்யாணப் பத்திரிகை வாசிக்கிற புதுமாப்பிள்ளை மாதிரித் திக்குது. பெட்டியில 256 எம்பி ராம், எக்ஸ்பி. இதுக்குப் போயி அலங்காரமெல்லாம் வச்ச புது பிளேயரா? விண்ஆம்ப் 1997-ல வந்த சாமான். ஜஸ்டின் ஃபிராங்கெல்னு ஒரு பொடிப்பயலும் அவன் கூட்டாளியும் செஞ்சது. 2-ஆம் வரிசை கோழி இறகு மாதிரி லேசா இருந்துச்சு. 2002-ல 3-ஐ விட்டான், அது கல்லு உரலு, ஜனம் சீந்தலை. மறுவருசம் ரெண்டையும் மூணையும் கூட்டி 5-ன்னு பேரு வச்சு விட்டான். 4 எங்கடான்னு கேட்டா சிரிச்சான். உம்ம பெட்டிக்கு அந்தப் பழைய 2 போதும். பாட்டுக்குத் தக்கன ஆடுற கலர்கலரான படத்தையும் அணைச்சுப்போடும். பாடத்தானே கூப்பிட்டோம், கரகமும் சேத்து ஆடுன்னா கிழவன் மூச்சு வாங்கத்தான் செய்வான்.

அப்பவும் திக்குனா கைய நீரு போட்ட பாட்டு சிடி மேல வையும். பூனை பிறாண்டுன மாதிரி எம்புட்டுக் கீறலு! கீறல் சிடியைப் படிக்கத் திணறும்போது எக்ஸ்பி ஒவ்வொரு இடறலையும் கணக்கு வச்சுக்கிடும். ஆறு சேந்தா வேகத்தை ஒரு படி இறக்கும். இறங்கி இறங்கி பிஐஓன்னு ஒரு நிலைக்கு வந்துரும். அதாவது வண்டிமாட்டை அவுத்துவிட்டுட்டு, முதலாளி தலைச்சுமையாத் தூக்குறது. ப்ராசஸர் சுமை தூக்கப் போயிட்டா பாட்டை யாரு கவனிப்பா? டிவைஸ் மேனேஜர்ல செகண்டரி ஐடிஇ சேனலை அன்இன்ஸ்டால் பண்ணிட்டு ரீஸ்டார்ட் பண்ணும், மறுபடி மாட்டைப் பூட்டிரும். அதுக்கப்புறம் பாட்டையெல்லாம் ஹார்டு டிஸ்க்குக்கு மாத்திப்போட்டு சிடியைக் காக்கா விரட்டத் தோட்டத்துல கட்டும். 128 கேபிபிஎஸ்ல நிமிசத்துக்கு 1 எம்பிதான், இடம் போதும்.

பாட்டுப் பேரெல்லாம் கேள்விக்குறியா வருதுன்னு அழுதீரே. அந்தப் பழைய பிளேயருக்கு யூனிகோடு தெரியாது. பழைய எம்பி3 முறையில பாட்டோட வாலுல 128 பைட்டுக்குள்ள பேரு, பாடுனவரு, வருசம் எல்லாத்தையும் அடைக்கணும். பேருக்கு 30 பைட்டு. வெள்ளைக்காரன் எழுத்துக்கு ஒண்ணு போதும். யூனிகோடை யூடிஎஃப்-8 முறையில எழுதுனா நம்ம எழுத்து, கொம்பு, கால், புள்ளி ஒவ்வொண்ணும் மூணு கேக்கும். எம்.எஸ்.விஸ்வநாதன்னு எழுதப் போனா 'விஸ்'ங்கிறதுக்குப் புள்ளி வைக்கவே இடமிருக்காது. இங்கிலீஷ் எழுத்துல எம்எஸ்வின்னு சுருக்கிப்போடும், அவரு கோவிக்க மாட்டாரு.

அந்த ஈக்வலைசர்ல பத்துக் குச்சியையும் உச்சிக்கு ஏத்தி வச்சிருக்கீரே, அது என்ன வேலியா? எல்லாத்தையும் தூக்குனா எதையும் தூக்கலைன்னு அர்த்தம். அதோட சத்தம் அளவு மீறி கரகரன்னு உடையும். அந்தக் கரகரப்பைக் கேட்டுத்தான் ஸ்பீக்கர் கிழிஞ்சிட்டுன்னு புதுசுக்கு விலை கேட்டீராக்கும். நடுவுக்கு இறக்கும்.

இன்னொண்ணு. மைக்ரோசாஃப்டே 2014 ஏப்ரலோட எக்ஸ்பியைக் கைகழுவிட்டான். அதனால இந்தப் பெட்டிக்கு இன்டர்நெட் வயரைக் காட்டாதேயும், பேங்குக் கணக்கை இதுல தொறக்கவே தொறக்காதேயும். பாட்டுக்கு மட்டும்.

போடும் இப்ப. முதல்ல சீர்காழி கோவிந்தராஜனோட பிள்ளையார் பாட்டு, மைக் செட் வழக்கத்தை மாத்தப்படாது. ஆங், அந்த ரோஸ் ஓட்டை சங்கதி என் மக காதுக்குப் போகாமப் பாத்துக்கிடுதேன். அடுத்த வாரம் வரும்போது உடன்குடிக் கருப்பட்டி ஒரு சிப்பம் வாங்கிட்டு வாரும்.