ஒரு கையில் பிள்ளை, மறு கையில் வண்டி

1994 சித்திரை. திண்டிவனத்தில் இருந்த அம்மா வீட்டுக்குப் போக, கண்டமங்கலம் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். இடுப்பில் எட்டு மாதப் பையன். என் புடவையைப் பிடித்தபடி மூன்று வயது மகள். தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் பால் புட்டி, வெந்நீர் பிளாஸ்க், மாற்றுத்துணி, மடித்து வைத்த இரண்டு பழைய நூல் புடவை. அம்மாவுக்கு என்று ஒரு பை மல்லாட்டை (நிலக்கடலை) வேறு.

தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகத்து பஸ் வந்தது. ஒவ்வொரு முறையும் நடப்பதுதான் அன்றும். புதுச்சேரியிலிருந்து வரும் பஸ் எங்கள் ஊரைத் தொடும்போதே நிரம்பியிருக்கும். முதல் படி முழங்கால் உயரம். ஒரு கையால் கம்பியைப் பிடித்தால் மகளைத் தூக்க முடியாது. மகளைத் தூக்கினால் கம்பியைப் பிடிக்க முடியாது. தவித்து நிற்கும்போதே ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல் வரும்: "குழந்தைய இப்படிக் குடும்மா." முகம் தெரியாத ஓர் அம்மாள் ஜன்னல் வழியாகவே கையை நீட்டி என் பையனை வாங்கி மடியில் வைத்துக்கொள்வாள். கண்டக்டர் மகளை அக்குளில் கைகொடுத்து மேலே ஏற்றுவார். விழுப்புரம் வரை பையன் எந்த மடியில் இருந்தான் என்பதைக்கூட நான் எட்டிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். அங்கே இறங்கி அடுத்த பஸ். கூட்டேரிப்பட்டு தாண்டும்போது இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தூங்கிப்போவார்கள். திண்டிவனத்தில் இறங்கும்போது என் இடது இடுப்பு மரத்துப்போயிருக்கும்.

இரவு ரயில் என்றால் அந்த நூல் புடவைக்கு வேலை வந்துவிடும். மேல் படுக்கையைத் தாங்கும் சங்கிலியில் இரு பக்கமும் முடிச்சிட்டு ஏணை கட்டுவார் என் வீட்டுக்காரர். முடிச்சைப் போட்டதும் முதலில் தன் கையை ஊன்றி அழுத்திப் பார்ப்பார். பிறகுதான் பிள்ளையைப் போடுவோம். வண்டி ஆடும் ஆட்டத்தில் யாரும் ஆட்டிவிட வேண்டிய தேவையே இல்லை. ஒரு புடவைதான் ஏணை, விரிப்பு, போர்வை, பால் கொடுக்கும்போது மறைப்பு எல்லாம். மடித்தால் பைக்குள் ஓரமாக அடங்கிவிடும்.

அந்த மூன்று வயது மகள் இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பாரிஸ் பக்கத்தில் இருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டார் வில்லியனூர்க்காரர்கள். புதுச்சேரியை இந்தியாவுக்கு விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் 1962-ல் நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பம். எங்கள் ஊரில் இருப்பவர்களுக்கு எல்லை என்பது புதிதல்ல. விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறினால் மதகடிப்பட்டும் திருபுவனையும் புதுச்சேரி, கண்டமங்கலம் தமிழ்நாடு, அரியூர் மறுபடி புதுச்சேரி. ஒரு டிக்கெட்டில் இத்தனை எல்லை கடந்து வளர்ந்தவள்தான், கடலையும் கடந்து போனாள்.

போன ஆண்டு ஊருக்கு வரக் கிளம்பும்போது, மூன்று வயதுப் பேத்தியும் எட்டு மாதப் பேரனும் கையில். "அம்மா, எந்த ஸ்ட்ரோலர் வாங்குறதுன்னே தெரியல. நீ சொல்லு" என்றாள். அவள் அனுப்பிய பிள்ளைத் தள்ளுவண்டிப் படங்களை எல்லாம் பெரிதாக்கிப் பார்த்தேன். பெயரும் நிறமும் என்னைக் குழப்பின. அதனால் எனக்குத் தெரிந்த கேள்வியைக் கேட்டேன்: "பையன் இடுப்புல இருக்கும்போது, இன்னொரு கையால மட்டும் இத மடிக்க முடியுமா?"

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பாரிஸ் மெட்ரோவில் அவள் படும் பாடே அதுதான். 1998-ல் தொடங்கிய 14-ஆம் எண் தடத்தில் எல்லா நிலையத்திலும் லிஃப்ட் உண்டு. நூறாண்டு பழைய மற்ற தடங்களில் பெரும்பாலும் படிக்கட்டுதான். வண்டியோடு படி இறங்கும் தாய்க்குப் பாரிஸும் கண்டமங்கலம் பஸ் படியும் ஒன்றுதான்.

இந்த மடக்கு வண்டியைக் கண்டுபிடித்தவரும் ஒரு தாத்தாதான் என்பதைப் பிறகு படித்தேன். ஓவன் மெக்லாரன் என்ற ஆங்கிலேயர். இரண்டாம் உலகப்போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் விமானத்தின் சக்கரத் தொகுதியை வடிவமைத்தவர்களில் ஒருவர். வெளிநாட்டிலிருந்து பேத்தியோடு வந்த மகள், கனத்த வண்டியோடு படும் சிரமத்தைப் பார்த்திருக்கிறார். விமானத்துக்குப் பயன்படுத்தும் அலுமினியக் குழாயை எடுத்து, குடை போல மடங்கும் வண்டியைச் செய்து, 1965-ல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. மகளின் கையில் இருக்கும் சுமையைப் பார்த்த தகப்பனின் கண் அதில் இருக்கிறது. எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று.

மடங்கும் பொருளுக்கு ஓர் ஆபத்தும் உண்டு. 2009 நவம்பரில் அமெரிக்காவில் மெக்லாரன் பெயரில் விற்ற சுமார் 10 லட்சம் வண்டிகளுக்குத் திருத்தம் அறிவிக்க நேர்ந்தது. விரிக்கும்போது கீலுக்குள் விரல் வைத்த பிள்ளைகளில் 12 பேருக்கு விரல்நுனி துண்டானதாகப் புகார் வந்திருந்தது. கீலுக்கு உறை கொடுத்தார்கள். நான் மகளிடம் முதலில் சொன்னதும் இதுதான். விரிக்கும்போதும் மடக்கும்போதும் பெரியவளை நாலடி தள்ளி நிற்கச் சொல். எந்த நிறுவனத்து வண்டியாக இருந்தாலும் சரி.

அடுத்து அளவு. "விமானத்துக்குள் கொண்டுபோகலாம்" என்று விளம்பரத்தில் போட்டிருப்பதை நம்பி மட்டும் வாங்கிவிடக் கூடாது. பிரான்ஸின் பேபிஸென் நிறுவனம் 2012-ல் கொண்டுவந்த யோயோ வண்டிதான் இந்த வகையைப் பிரபலமாக்கியது. மடித்தால் 52 சென்டிமீட்டர் நீளம், 44 அகலம், 18 கனம். சுமார் ஆறு கிலோ. பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கம் சொல்லும் 56, 45, 25 என்ற அளவுக்குள் அது அடங்கும். நம் நாட்டு விமானங்களில் கைப்பெட்டிக்கு வழக்கமான அளவோ 55, 35, 25. அந்த 44, இந்த 35-க்குள் போகாது. பாரிஸிலிருந்து சென்னை வரை தலைக்கு மேல் வந்த வண்டியை, சென்னையிலிருந்து உள்நாட்டு விமானம் ஏறும்போது வாசலிலேயே வாங்கிக்கொண்டு சரக்கறைக்கு அனுப்பிவிடலாம். இறங்கும்போது அது வாசலுக்கு வருமா, பெட்டி வரும் பட்டைக்கு வருமா என்பதை ஏறும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். ஜிபி நிறுவனத்தின் பாக்கிட் என்ற வண்டி 2014-ல் 30, 18, 35 என்ற அளவுக்கு மடிந்து, உலகிலேயே சிறிதாக மடியும் வண்டி என்று கின்னஸில் இடம் பிடித்தது. அது எங்கும் நுழையும். ஆனால் சக்கரம் மிகச் சிறியது, முதுகும் பெரிதாகச் சாயாது. உட்காரப் பழகாத பிள்ளைக்கு ஆகாது.

கழுத்து நிற்காத குழந்தையைப் பாதி சாய்ந்த நிலையில் இருக்கும் வண்டியில் நெடுநேரம் வைத்தால் தலை முன்னே தொங்கி மூச்சு அடைபடலாம். ஆறு மாதம் வரை படுக்கையாக மல்லாத்திப் போடும் வசதி வேண்டும், இல்லாவிட்டால் தூக்கிக்கொள்வதே மேல்.

எல்லாம் பேசி, ஆறரைக் கிலோவில் ஒரு கையால் மடங்கும் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள். அது வருவதற்கு முன் நாங்கள் ஒரு தப்புச் செய்திருந்தோம். வில்லியனூர் சொந்தக்காரர் வீட்டில் சும்மா கிடந்த பெரிய வண்டி ஒன்றை, தெருவுக்கு ஆகுமே என்று வாங்கி வைத்திருந்தோம். பதினொரு கிலோ. பெரிய சக்கரம், மண் தெருவில் ஜோராகப் போயிற்று. அதை எடுத்துக்கொண்டு விழுப்புரம் போகலாம் என்று ஒருநாள் பஸ்ஸுக்கு நின்றோம். படி வழியில் குறுக்கே சிக்கிக்கொண்டது. இறங்குபவர்களுக்கும் வழியில்லை, ஏறுபவர்களுக்கும் வழியில்லை. மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. இறங்கிவிட்டோம்.

சிறிய வண்டியில் அந்தத் தொல்லை இல்லை. விழுப்புரத்தில் சென்னை ரயில் ஏறியபோது மடித்துக் கீழ்ப்படுக்கைக்கு அடியில் தள்ளினாள், உள்ளே போய்விட்டது. ஆனால் எங்கள் தெருவில் அது திணறியது. பட்டினப்பாலையில் ஒரு காட்சி உண்டு. காயவைத்த தானியத்தைத் தின்ன வரும் கோழியை விரட்ட ஒரு பெண் காதுக் குழையைக் கழற்றி எறிகிறாள். பிள்ளைகள் உருட்டி வரும் மூன்று கால் சிறுதேருக்கு அந்தக் குழை வழியை மறித்துவிடுகிறது. புலவர் பாடியது ஊரின் செல்வத்தை. பேரனைத் தள்ளிக்கொண்டு போகும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிறு சக்கரம்தான் நினைவில் ஓடியது. எங்கள் தெருவில் குறுக்கே கிடப்பது ஜல்லியும், கடை முன்னால் நிறுத்திய பைக்கும், கல் பெயர்ந்த சாக்கடை மூடியும். ரயில்வே கேட்டைக் கடக்கும்போது தண்டவாளத்தை ஒட்டிய இடுக்கில் முன்சக்கரம் இறங்கிவிடும். கைப்பிடியை அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்கி, பின்சக்கரத்தில்தான் தாண்ட வேண்டும். கேட் மூடும் மணி அடிக்கும்போது தாண்டவே கூடாது.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வாகனங்களை அனுமதிக்காத புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மட்டும் அது தானாகவே ஓடியது. வழி கொடுத்தால் சிறு சக்கரமும் ஓடும்.

அங்கேதான் இன்னொன்றும் புரிந்தது. இரண்டு பிள்ளைகள் என்றால் வண்டி சின்னவனுக்கு என்றுதான் நினைத்தோம். பெரியவள் நடப்பாள். ஒரு மணி நேரம் கழித்துத் தூக்கம் வந்தபோது, பதினான்கு கிலோ பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு யாராலும் பத்தடி போக முடியவில்லை. பேரனை என் பழைய நூல் புடவையில் மகளின் மார்போடு கட்டினேன். மூக்கும் வாயும் துணிக்கு வெளியே தெரியும்படி, முகவாய் நெஞ்சில் ஒட்டாதபடி. பேத்தியை வண்டியில் சாய்த்தோம். பிறகு எல்லாப் பயணத்துக்கும் அதுவே வழக்கமாயிற்று. ஆகவே வண்டி எத்தனை கிலோ தாங்கும் என்று பாருங்கள். 15 கிலோவோடு நிற்பதை விட 22 கிலோ தாங்குவது நல்லது. கைப்பிடியில் பையைத் தொங்கவிடாதீர்கள். பிள்ளையை எடுத்ததும் வண்டி மல்லாந்துவிடும்.

மகளிடம் நானும் ஒன்று கற்றுக்கொண்டேன். வெயில் படாமல் இருக்க வண்டியின் மேல் புடவையைப் போர்த்தப் போனேன். "வேணாம்மா, காத்து போகாது, உள்ள வெந்துடும்" என்று தடுத்தாள். ஏணை மேலே திறந்திருக்கும், காற்று வரும். மூடிய வண்டி அப்படியல்ல. அவள் சொன்னதே சரி.

நாடு கொஞ்சம் மாறியிருக்கிறது. 2022 மே மாதத்தில் தமிழ்நாட்டு அரசு பஸ்களில் ஐந்து வயது வரை டிக்கெட் இல்லை என்று அறிவித்தார்கள். அதே மாதம் லக்னோ மெயில் ரயிலில் தாயின் படுக்கையோடு சேர்த்துப் பிள்ளைக்கு ஒரு சிறு படுக்கையைச் சோதனையாக வைத்தார்கள். சங்கிலியில் ஏணை கட்டி விடிய விடிய விழித்திருந்தவள் நான். அந்தப் படுக்கை எல்லா இரவு ரயிலுக்கும் வர வேண்டும். சென்னை மாநகரில் 2024 முதல் ஓடும் தாழ்தளப் பஸ்ஸைப் போல் விழுப்புரம், திண்டிவனம் ஊர்களுக்கும் வேண்டும். படியில்லாத பஸ்ஸில் வண்டியை மடிக்கவே தேவையில்லை.

அதுவரை மனிதர்கள்தான். மகள் ஊருக்குக் கிளம்பும் முன், அதே கண்டமங்கலம் நிறுத்தத்தில் பஸ் ஏறினோம். அவள் ஒரு கையால் வண்டியை மடித்தாள், மறு கையில் பேரன். இருக்கையில் இருந்தவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்லூரிப் பெண் ஒருத்தி தலையை நிமிர்த்தி, "பாப்பாவ இங்க குடுங்கக்கா" என்றாள். பேரன் அவளிடம் தாவினான்.

பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது கையில் பிள்ளையோடு ஒருத்தி ஏறினால், வண்டியைத் தூக்கித் தர எழுந்திருக்க வேண்டாம். பிள்ளையை வாங்கிக்கொள்ளுங்கள். வண்டியை அவளே ஏற்றிவிடுவாள்.