சிரிக்க நேரமுள்ள கடை

கேள்வி: கடைப் பணியாளர்களை வைத்து பிரிட்டன் எடுத்த நகைச்சுவைத் தொடரைப் போலத் தமிழில் ஏன் ஒன்றும் வரவில்லை?
– ஒரு வாசகர், மணப்பாடு

பதில்: பிபிசியில் 1972 முதல் 1985 வரை ஒளிபரப்பான 'ஆர் யூ பீயிங் செர்வ்ட்?' என்னும் சூழல் நகைச்சுவைத் தொடர், அதாவது ஒரே இடத்தில் அதே மாந்தர்களைக் கொண்டு வாரந்தோறும் புதிய சிக்கலில் சிரிப்பை விளைவிக்கும் வகையைச் சேர்ந்த தொடர், அதன் படைப்பாளர்களுள் ஒருவரான ஜெரமி லாய்ட் லண்டன் சிம்ப்சன்ஸ் கடையில் பணியாற்றிய அனுபவத்திலிருந்து பிறந்தது. அதில் வரும் கடையில் கூட்டம் குறைவு என்பதால், யார் பெரியவர் என்று பூசலிட விற்பனையாளர்களுக்குப் பொழுது நிறையவே கிடைத்தது. சென்னை ரங்கநாதன் தெருவின் துணிக்கடையிலோ நாள் முழுதும் நின்று சேலை விரிப்பவருக்கு மூச்சுவிடவும் பொழுதில்லை. ஆகவே, தென்மாவட்டச் சிற்றூர்களிலிருந்து அங்கு வேலைக்குச் செல்லும் இளைஞர்களைப் பற்றி வசந்தபாலன் இயக்கி, ஜெயமோகன் வசனம் எழுதி, 2010இல் வெளிவந்த 'அங்காடித் தெரு' துயரக் கதையாகவே அமைந்தது, அதுவே நேர்மையான வடிவமும் ஆகும். சிரிப்பதற்கு முன் உட்கார வேண்டும் அல்லவா? கடைப் பணியாளருக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018இலும், கடைகள் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தித் தமிழ்நாடு 2021இலும் விதித்தன. அந்த இருக்கைகளில் பணியாளர்கள் உண்மையில் அமரத் தொடங்கும்போது, வாசகர் கேட்கும் தொடருக்கு வேண்டிய பேச்சு அங்கேயே கிடைக்கும், ஏனெனில் அவர்களுள் பலர் பேசும் நெல்லைத் தமிழுக்குக் கேலி புதிதன்று.