படம் 3-க்கும் படம் 4-க்கும் நடுவில்

ப்ரூஸ் லீ எண்ணூருக்கு வந்ததே செத்த பிறகுதான். 1973 ஜூலையில், 32 வயதில், ஹாங்காங்கில் கண்ணை மூடிவிட்டார். 'என்டர் தி டிராகன்' வெளியானது அதற்கு அடுத்த மாதம். அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றி, தேய்ந்த பிரிண்டாக எங்கள் பக்கத்துக் கொட்டகைக்கு வந்தபோது திரையில் பாதி கோடு, மீதி உதை. மறுநாள் எங்கள் முகத்துவாரக்குப்பத்தில் சட்டை போட்ட பையன் ஒருத்தன் கிடையாது.

குங்ஃபூ சொல்லித்தர ஆள் இல்லை. ராயபுரம் பக்கம் குத்துச்சண்டை வாத்தியார்கள் இருந்தார்கள். சிலம்பம், குத்துவரிசை தெரிந்த பெரியவர்களும் இருந்தார்கள். ஆனால் அவர்கள் முதல் நாளே அடிப்பார்கள். புத்தகம் அடிக்காது. ஆகவே காசு சேர்த்து, ரயிலேறி, மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைக்குப் போனோம்.

கிடைத்தது அட்டை போன ஓர் ஆங்கிலப் புத்தகம். கறுப்பு உடுப்பில் ஒரு சீனர். கால் போக வேண்டிய இடத்துக்குப் புள்ளிக்கோடு, கைக்கு அம்புக்குறி. படம் 3-இல் எதிராளி குத்த வருகிறான். படம் 4-இல் மல்லாந்து கிடக்கிறான். நடுவில் நடந்ததைக் கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். எங்கள் கூட்டத்தின் மொத்த ஆங்கிலமும் எட்டாம் வகுப்போடு முடிந்திருந்தது. அதனால் அந்த நடுவை அவனவன் கைச்சரக்கைப் போட்டு நிரப்பினான். ஒருவன் எம்.ஜி.ஆர். கத்திச் சண்டையை வைத்தான், இன்னொருவன் திருவிழாச் சிலம்பத்தை. ஒரே பக்கத்திலிருந்து ஆளுக்கொரு குங்ஃபூ பிறந்தது. போதாததற்கு, தடுப்பது எப்படி என்ற பக்கம் இருந்தது; திருப்பி அடிப்பது எப்படி என்ற பக்கம் கிழிந்திருந்தது. எங்களைவிட சாதுவான குங்ஃபூ வீரர்களை ஷாவோலின் மடம் கண்டிருக்காது.

முதல் பாடம் குதிரை நிலை. காலை அகட்டி, முட்டியை மடக்கி, தொடை தரைக்குச் சமமாக இறங்கி, அப்படியே நிற்க வேண்டும். எழுதியவர் கல் பாவிய முற்றத்தில் நின்றிருப்பார் போல. நாங்கள் நின்றது கொசஸ்தலை ஆறு கடலில் விழும் மணல்மேட்டில். திரும்பும் அலை குதிகாலுக்கு அடியில் மண்ணைப் பறிக்கும். வீரர்கள் ஒவ்வொருவராகப் பின்பக்கம் சாய்வார்கள். வலை பிரித்துக்கொண்டிருந்த மாமா ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னாடா, வெளிக்கி வந்தா அப்பால போய்க் குந்துங்கடா." அவர் கட்டுமரத்தில் நின்று வலை வீசும்போது அதே நிலையில்தான் நிற்பார், அலை எதுவும் அவரை அசைக்காது. அவர்தான் என் உண்மையான குரு என்று இந்த இடத்தில் எழுதக் கை அரிக்கிறது. கேட்டால் அடிப்பார்.

இரும்புக்கை பயிற்சிதான் வீட்டுக்குள் கலவரம் மூட்டியது. பச்சைப்பயறு நிரப்பிய பையை உள்ளங்கையால் தினமும் அறைய வேண்டும். பிறகு பயற்றுக்குப் பதில் கூழாங்கல், கடைசியில் இரும்புக் குண்டு. பயறு வரைக்கும் போனேன். "ரேசன்ல வாங்குன பயறு எங்கடா?" என்று அம்மா தேடியபோது பை தலையணைக்கு அடியில் இருந்தது. அன்றிரவு சுண்டல். கூழாங்கல் கட்டத்துக்குப் போயிருந்தால் பிழைத்திருப்பேன்.

1985 மே 30-இல் மூர் மார்க்கெட் எரிந்தது. அந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில் நிலையம். மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் என்ற பெயரை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள். இன்றைக்கும் எண்ணூரில் ரயிலேறி மூர் மார்க்கெட் போகலாம், புத்தகம்தான் கிடைக்காது. எண்ணூர் விரைவுச் சாலை நெடுகக் கரையில் கருங்கல் கொட்டிக் கிடக்கிறது. குதிரை நிலைக்கு உகந்த கெட்டித் தரை, நாற்பது வருஷம் தாமதமாக.

என் பேரன் செல்போனில் குங்ஃபூ கற்றுக்கொள்கிறான். படம் 3-க்கும் 4-க்கும் நடுவில் உள்ளது அத்தனையும் அதில் தெரிகிறது, வேண்டுமானால் மெதுவாகவும் ஓட்டிப் பார்க்கலாம். அவன் பார்க்கிறான்; நிற்பதுதான் இல்லை. நாங்கள் ஒளிந்து ஒளிந்து சீனக்கலை கற்றோம். அவனுக்கு 2011-இல் வந்த 'ஏழாம் அறிவு' படமே போதும். "இது நம்ம காஞ்சிபுரத்து போதிதர்மர் குடுத்தது தாத்தா, சீனாக்காரனுக்கே நாமதான் வாத்தியார்" என்று கட்டிலில் படுத்தபடி சொல்கிறான்.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. போதிதர்மரைத் தென்னிந்தியர் என்று சொல்லும் பழைய சீனக் குறிப்பு உண்டு. பாரசீகத்தவர் என்று சொல்லும் ஆறாம் நூற்றாண்டு நூலும் உண்டு. அவரை உடற்பயிற்சி வாத்தியாராக்கியது 'யிஜின் ஜிங்' என்ற கையேடு. அது 1624 வாக்கில் ஒரு தாவோ துறவி எழுதியது என்பது ஆய்வாளர்கள் முடிவு. பழமை காட்ட, பழைய தளபதிகள் பெயரில் முன்னுரைகளும் சேர்த்திருந்தார்கள். டாங் ஹாவ் என்ற சீன ஆய்வாளர் 1930-களிலேயே இந்தக் கதையைப் பிரித்துப் போட்டுவிட்டார். அந்தக் கையேட்டுக்கும் முன்னால், 1560 வாக்கில், கடற்கொள்ளையரோடு மோதிய சி ஜிகுவாங் என்ற தளபதி 32 நிலைகளைப் படம் போட்டே தன் புத்தகத்தில் சேர்த்தார். அவரே, வெறுங்கைச் சண்டை பெரிய போருக்கு உதவாது, உடம்பைப் பழக்கத்தான் என்று எழுதி வைத்திருக்கிறார்.

பேரன் எழுந்து உட்கார்ந்தான். பரவாயில்லை, ஏதோ உறைத்திருக்கிறது என்று நினைத்தேன்.

"அந்த 1624 புக்கு பிடிஎஃப்ல கிடைக்குமா தாத்தா?"