மருதம் என்றொரு எழுத்துரு

நெல்லுக்குத் தரம் உண்டு. ஈரப்பதம் 17 சதவீதம். அதற்கு மேல் காட்டினால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். ஐப்பசி அடைமழையில் குறுவை அறுத்த தஞ்சாவூர்க்காரர், "22 வரைக்கும் எடுங்கய்யா" என்று கெஞ்சுவார். டெல்லியிலிருந்து குழு வரும், மாதிரி அள்ளும், விமானம் ஏறும். அதற்குள் சாலையோரக் குவியலில் நெல் முளைத்துவிடும். என்ன செய்வது, தரம் என்றால் தரம்தான்!

சரி, நெல்லுக்குத் தரம் பார்க்கிற அரசு, தன் அலுவலகத்துக்கு என்ன தரம் வைத்திருக்கிறது?

வைத்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழிணையம் மாநாடு கூடி, கணினியில் தமிழ் அடிக்க எல்லாருக்கும் ஒரே விசைப்பலகை என்று தமிழ்99-ஐத் தந்தது. 2010 ஜூன் 23 அன்று, கோவையில் செம்மொழி மாநாடு தொடங்கிய நாளில், அரசுக் கணினியில் இனி ஒருங்குறி (யூனிகோடு), டேஸ்16 என்ற இரண்டு குறியாக்கங்கள்தான் என்று அரசாணை வந்தது. இலவச எழுத்துருக்களும் வந்தன. ஒன்றின் பெயர் மருதம். இன்னொன்றின் பெயர் காவேரி. நடுவர் மன்றம் போகாமல், கர்நாடகத்திடம் கையேந்தாமல் நமக்குக் கிடைத்த ஒரே காவேரி அதுதான். அதையும் கடைமடைக்கு வர விடவில்லை. மேட்டூரில் ஜூன் 12-இல் திறக்கிற தண்ணீர்கூடச் சில வாரங்களில் வாய்க்காலுக்கு வந்துவிடும். கோட்டையில் திறந்த அரசாணை இன்னும் பல மேசைகளை நனைக்கவில்லை.

ஒரு மேசையில் ஒருங்குறி. அடுத்த மேசையில் வானவில் என்ற எழுத்துரு, அதுவும் பழைய தட்டச்சு முறையில். அந்தப் பழைய எழுத்துருவில் 'அரசு' என்று அடித்தால் கணினிக்குள் கிடப்பது எம், யு, ஆர் என்ற மூன்று ஆங்கில எழுத்துகள். மேலே பார்த்தால் தமிழ், வயிற்றைக் கிழித்தால் ஆங்கிலம்! அந்த எழுத்துரு இல்லாத கணினிக்குக் கோப்பு போனால் அரசு காணாமல் போய், மூன்று எழுத்து மட்டும் பல்லிளிக்கும். உடனே ஒருவர் உட்கார்ந்து முதலிலிருந்து அடிப்பார். அடிக்கிற ஒவ்வொரு கையும் விவசாயிக்கு ஒரு புதுப்பெயர் சூட்டும். பட்டாவில் இராமசாமி, ஆதாரில் ராமசாமி, வங்கிப் புத்தகத்தில் இனிஷியல் பின்னால் போன இராமச்சாமி.

"பேரு ஒத்துவரலையே பெரியவரே, சிஸ்டம் எடுக்கமாட்டேங்குது. விஏஓகிட்ட ஒரு சான்று வாங்கிட்டு வாங்க."

"சிஸ்டத்துல அடிச்சது நான் இல்லீங்களே சார்?"

அந்தக் கேள்விக்குப் பதில் எந்த மென்பொருளிலும் இல்லை. மூன்று பெயரை அடித்த மூவரும் மாதச் சம்பளம் வாங்கிவிட்டார்கள். ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க வேண்டியவர் மட்டும், நனைகிற நெல்லைத் தார்ப்பாயால் மூடிவிட்டு, பஸ் ஏறி அலைகிறார். அலுவலகத்தை ஒழுங்குபடுத்தக் கிளம்பியவர்கள், கடைசியில் விவசாயியை ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். அரசாணைக்கும் ஒரு 17 வையுங்கள். நாளோ மாதமோ வேண்டாம், 17 ஆண்டு என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் மேசைக்கு வந்து சேராத ஆணையை, ஈரம் காயாத மூட்டையைப் போலவே, போட்டவர் தலையில் ஏற்றித் திருப்பி அனுப்புங்கள். 1999-இல் கட்டிய மூட்டை அந்த அளவிலும் தேறாது.