கண்டியில் கண்டல்

கேள்வி: வாவிக்கரைப் படியில் வழுக்கி விழுந்தேன். முழங்கால் நீலமாகி, பச்சையாகி, இப்போது மஞ்சள். என்ன இது? (கட்டுகஸ்தோட்டை வாசகர்)

பதில்: கண்டியில் விழுந்தால் கண்டல் காயம்தானே! தோலுக்கடியில் சிந்திய குருதியை மக்ரோபேஜ் என்ற தின்குழியங்கள் விழுங்கிக்கொண்டிருக்கின்றன. அவை ஈமோகுளோபினை உடைக்கும்போது முதலில் பச்சை பிலிவெர்டின், அப்புறம் மஞ்சள் பிலிருபின். வேலை முடியப்போகிறது, கவலை வேண்டாம்.

கேள்வி: விழாதவர் உடம்பிலும் குப்பை சேருமா?

பதில்: சேராமலா? செங்குழியத்தின் ஆயுள் சுமார் 120 நாள். ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ 20 இலட்சம் செங்குழியங்கள் ஓய்வுபெறுகின்றன. மண்ணீரலிலும் ஈரலிலும் உள்ள மக்ரோபேஜ்கள் அவற்றைத் தின்று, இரும்பை மட்டும் பிரித்து என்பு மச்சைக்குத் திருப்பி அனுப்பும். மகாவலிக் கரையிலுள்ள நம் கொஹாகொட குப்பைமேட்டுக்கு இந்த வித்தை தெரிந்திருந்தால் ஆறு எவ்வளவோ தப்பியிருக்கும்.

கேள்வி: சாகிற கலத்தை எப்படி அடையாளம் காணும்? (பேராதனை மாணவி)

பதில்: செத்தவீட்டுத் தெருவில் வெள்ளைக்கொடி கட்டுகிறோமே, அப்படித்தான். சவ்வின் உட்பக்கம் இருந்த பொஸ்பற்றிடைல்செரின் என்ற கொழுப்பைச் சாகிற கலம் வெளிப்பக்கம் காட்டும். கொடியைக் கண்டதும் தின்குழியம் வந்துவிடும். இந்த அமைதியான சாவுக்கு 1972இல் 'அப்பொப்டோசிஸ்' என்று பெயர் வைத்தார்கள். இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல். உங்கள் பேராதனைப் பூங்கா மரத்தடியில் உட்கார்ந்து படிக்கத் தோதான பாடம்.

கேள்வி: வீக்கத்தைக் கிளப்புவதும் நிர்ப்பீடனக் கலம், அடக்குவதும் அதுவா? (அக்குறணை வாசகர்)

பதில்: அதுவேதான். காயத்துக்கு முதலில் ஓடிவருவது நியூட்ரோபில் என்ற வெண்குழியம். ஆவேசக்காரர், அற்பாயுள். அவர் செத்ததும் மக்ரோபேஜ் வந்து தின்கிறது. தின்ற பிறகு அதன் குணமே மாறிவிடும். அதுவரை சண்டையை மூட்டிய கலம், இன்டர்லூக்கின்-10, டிஜிஎப்-பீட்டா போன்ற சமாதானச் சரக்கைச் சுரக்கத் தொடங்கும். ஆக, வீக்கம் தானாக வடிவதில்லை, பிணத்தை எடுத்தவர்தான் வடிய வைக்கிறார்.

எடுக்காவிட்டால்? கிடந்த கலம் வெடித்து, உள்ளே இருந்ததெல்லாம் கசிந்து, அணைய வேண்டிய நெருப்பு மறுபடி பிடிக்கும். லூபஸ் நோயாளர் பலரிடம் இந்த அப்புறப்படுத்தல் மந்தம். சிதறிக் கிடக்கும் டிஎன்ஏயைப் பகைவன் என்று எண்ணி உடம்பே அதற்கெதிராகப் பிறபொருளெதிரி செய்யும். இருதய நாடியிலும் இதே கதை: கொழுப்பைத் தின்று ஊதிய மக்ரோபேஜ் அங்கேயே சாகும், தூக்க ஆள் போதாது, அடைப்பு பழுக்கும்.

கேள்வி: தின்குழியங்களின் இந்த வேலையை முதலில் கண்டவர் யார்?

பதில்: ரஷ்ய விஞ்ஞானி மெச்னிகோப். 1882இல் இத்தாலியின் மெசினாவில், நட்சத்திர மீன் குஞ்சுக்குள் முள்ளைக் குத்திவிட்டு விடியும்வரை காத்திருந்தார். காலையில் முள்ளைச் சுற்றிக் கலங்கள் மொய்த்திருந்தன. 1908இல் நோபல் பரிசு கிடைத்தது, மீன் குஞ்சுக்கு ஒன்றுமில்லை.

கேள்வி: தின்ன வந்தவனையே வீடாக்கிக்கொள்ளும் கிருமி உண்டா? (கம்பளை வாசகி)

பதில்: காசநோய்க் கிருமி ஒன்று. மணல் ஈ கடித்துப் பரவும் லீஷ்மேனியா இன்னொன்று. இந்தியாவில் கருங்காய்ச்சல் தரும் அதே இனம், இலங்கையில் பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது. அனுராதபுரம், ஹம்பாந்தோட்டைப் பக்கம் போய்வந்த பின் நோகாத, ஆறாத பரு இருந்தால் தோல் கிளினிக்கில் காட்டுங்கள். பக்கத்து வீட்டு அக்காவிடம் காட்டினால் மஞ்சள்தான் பூசுவார்.