சூப்புக்கு வந்த சந்திரமுகி

கொல்கத்தாவில் காய்கறி சூப் வைப்பதில் சமையல் கால் பங்குதான். மீதி முக்கால் பங்கு, ஏன் வைத்தோம் என்று ஊருக்கு விளக்கம் சொல்வது.

டிசம்பர் பிறந்தால் இங்கே இரவில் 13 டிகிரி வரை இறங்கும். ஊட்டிக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். அந்தக் குளிருக்கே இந்த ஊர் குரங்குக் குல்லாவுக்குள் புகுந்துகொண்டு கண்ணையும் மூக்கையும் மட்டும் வெளியே காட்டும். அதே மாதத்தில்தான் லேக் மார்க்கெட்டில் காலிஃபிளவரும் கேரட்டும் பச்சைப் பட்டாணியும் வந்து குவியும். தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் பேட்டை இது. முருங்கைக்காய்க்கும் வாழைப்பூவுக்கும் தமிழிலேயே பேரம் பேசலாம். காய்க்காரரும் தமிழிலேயே குறைக்க மாட்டேன் என்பார்.

சூப் 'கிரீமி'யாக இருக்க வேண்டும் என்றால் கிரீம் வேண்டும் என்று நம்புகிறவர்கள் ஏராளம். வங்காளத்தில் பாலாடைக்கு வேறு மரியாதை உண்டு. கிருஷ்ணநகரில் அதை அடுக்கி சர்புரியா செய்கிறார்கள், நெய்யில் பொரித்து சர்பாஜா செய்கிறார்கள். அந்த ஆடையைக் கொண்டுபோய்க் கேரட் தண்ணீரில் கரைத்தேன் என்று இங்கே யாரிடமும் சொல்லிவிட முடியாது.

அதனால் உருளைக்கிழங்கு. இந்த ஊரில் உருளைக்கிழங்கு போகாத இடமே கிடையாது. பிரியாணிக்குள்ளேயே முழுசாக உட்கார்ந்திருக்கிறது. 1856-இல் அவத் ராஜ்ஜியத்தை இழந்து இந்த ஊர் மெட்டியாப்ரூஸுக்கு வந்து சேர்ந்த நவாப் வாஜித் அலி ஷாவின் சமையலறையிலிருந்து அது கிளம்பியதாகச் சொல்வார்கள். கறி வாங்கப் பணம் இல்லாமல் போட்டார்களா, உருளைக்கிழங்கு அப்போது அபூர்வச் சரக்கு என்பதால் போட்டார்களா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. எப்படியோ, நவாபுக்கே ஆகிவந்தது நம் சூப்புக்கு ஆகாதா?

இங்கே கடையில் இரண்டு ரகம் முக்கியம். ஒன்று சந்திரமுகி, மற்றது ஜோதி. தமிழ் சினிமா பார்த்து வளர்ந்தவன், காலை ஏழு மணிக்குக் காய்க்கடையில் "சந்திரமுகியா, ஜோதியா?" என்று கேட்டால் ஒரு நிமிடம் ஆடித்தான் போவான். சந்திரமுகிக்கு விலை கூட. ஆனால் சீக்கிரம் வெந்து குழைந்துவிடும். ஜோதி குழம்பில் கட்டுக்குலையாமல் நிற்கும். சூப்புக்குச் சந்திரமுகிதான் வர வேண்டும்.

செய்முறை பெரிய வித்தை இல்லை. வெண்ணெயில் பிரிஞ்சி இலையும் வெங்காயமும் வதக்கி, இரண்டு கேரட், பாதி காலிஃபிளவர், ஒரு கைப்பிடிப் பட்டாணி, ஒரு பெரிய உருளைக்கிழங்கு, நாலு தம்ளர் தண்ணீர். குழைய வெந்ததும் பிரிஞ்சி இலையை எடுத்துப் போட்டுவிட்டு, ஆறவைத்து அரைக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க மிக்சியில் ஊற்றினால் ஆவி மூடியைத் தூக்கியெறியும்; அப்புறம் சூப்பைக் கூரையிலிருந்துதான் குடிக்க வேண்டும். ரொம்ப நேரம் ஓடவிடவும் கூடாது. உருளைக்கிழங்கின் மாவுச்சத்து பசையாகிவிடும்; தேர்தல் சமயத்தில் கட்சிக்காரர்கள் கேட்டு வருவார்கள். மறுபடி சூடாக்கி, அடுப்பை அணைத்த பிறகு அரைத் தம்ளர் பால், உப்பு, மிளகு. முடிந்தது.

தக்காளி மட்டும் வேண்டாம். புளிப்புப் பட்டுச் சூட்டில் பால் திரிந்துவிடும். வேறு ஊரில் அதைக் கொட்டிவிடுவார்கள். இந்த ஊரில் பாக்பஜாரில் நபீன் சந்திர தாஸ் திரிந்த பாலை உருட்டிப் பாகில் போட்டு, 1868-இல் ரசகுல்லா ஆக்கினார் என்பார்கள். 2017-இல் அதற்குப் புவிசார் குறியீடே வந்துவிட்டது. காய்கறி போட்ட ரசகுல்லாவுக்கு வாய்ப்பில்லை.

அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னடா, கூட்டைக் குடிக்கச் சொல்றே?" என்றாள். பிறகு தன் தம்ளரில் மட்டும் நெய்யில் சீரகமும் பெருங்காயமும் தாளித்துக் கொட்டிக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னாள். பாராட்டு அந்த அளவில் முடிந்தது.

அதற்குள் வெண்ணெய், மிளகு வாசனை மாடிப்படி இறங்கிவிட்டது. கீழ் வீட்டு மாஷிமா (நம் ஊர்ப் பெரியம்மா மாதிரி) மேலே வந்து கேட்டார்: "யாருக்கு உடம்பு சரியில்லை?"

வங்காளி வீடுகளில் இந்த வாசனைக்கு ஒரே அர்த்தம்தான். காய்ச்சல் விட்டவருக்கு ஸ்டூ. "யாருக்கும் ஒன்றுமில்லை மாஷிமா, ருசிக்காகத்தான்" என்றேன். ருசிக்காக யாராவது ஸ்டூ வைப்பார்களா என்று என்னைப் பார்த்தார். "சரி, பேப்பே போட்டாயா?" பேப்பே என்றால் பப்பாளிக்காய், இங்கே வயிற்றுக்கு அதுதான் வைத்தியர். போடவில்லை என்றேன். "அப்புறம் எப்படிக் குணமாகும்?"

சாயங்காலத்துக்குள் ஒரு முழுப் பப்பாளிக்காய் வந்து சேர்ந்தது. மூன்றாம் மாடியில் பணி ஓய்வு பெற்றவர் ஒருவர் இருக்கிறார், ஹோமியோபதி அவருக்குப் பொழுதுபோக்கு. அவர் இறங்கி வந்து நாக்கை நீட்டச் சொன்னார். மறுத்தால் மனக்கசப்பு, நீட்டினேன். சர்க்கரை உருண்டைகள் கிடைத்தன.

இத்தனைக்கும் இதே ஊர்க்காரர்கள் வெளியே போனால் ஸ்டூவை வரிசையில் நின்று குடிப்பார்கள். எஸ்பிளனேடு பக்கம் டேக்கர்ஸ் லேனில் ஆபீஸ் ஆட்கள் கோழி ஸ்டூவில் டோஸ்ட்டைத் தோய்த்துக்கொண்டு நிற்கிறார்கள். 1780-இல் இந்தியாவின் முதல் அச்சுப் பத்திரிகையை நடத்திய ஹிக்கியின் பெயர்தான் இப்போது அந்தத் தெருவுக்கு. மைதானத்துக் கால்பந்துக் கிளப் கேன்டீன்களிலும் ஸ்டூவும் டோஸ்ட்டும் பிரசித்தம். அங்கே யாரும் யார் நாக்கையும் பார்ப்பதில்லை.

ஆகவே என் சிபாரிசு: கிரீம் டப்பா வாங்காதீர்கள், உருளைக்கிழங்கு போதும். தமிழ்நாட்டில் சந்திரமுகிக்கு அலைய வேண்டாம், நன்றாகக் குழைகிற எந்தக் கிழங்கும் ஆகும். கொல்கத்தாவில் இருக்கிறவர்கள் மட்டும் அடுப்பைப் பற்றவைக்குமுன் மாடிப்படிக் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.