வந்தியத்தேவனுக்கு எவன் குடுத்தான் ஓடிபி?

ராஜகுமாரி கல்யாணத்தை மெல்போர்ன்லேர்ந்து பாக்க முடியலைன்னு போன்ல மூக்கை உறிஞ்சினியே ஆயி, அதைக் கேட்டதுலேர்ந்து எனக்கும் உங்க அப்பாயிக்கும் சோறு எறங்கலை. பொய் சொல்றேன். நல்லாவே எறங்குச்சு, அன்னிக்கு வாழைப்பூ வடை. சரி, பேத்தி கண்ணைக் கசக்குறாளே, நாலு நல்ல வார்த்தை சொல்லுவோம்னு உக்காந்திருக்கேன். நீ கேக்க மாட்டே. என் பேச்சை உங்கப்பன் கேட்டிருந்தா அவன் திருச்சியோட நின்னிருப்பான், நீயும் அம்மாந்தூரம் போயிருக்க மாட்டே. இருந்தாலும் சொல்றது கெழவன் வேலை.

நீ பாக்கத் துடிக்கறது ராஜா காலத்துக் காதல் தொடர். தமிழ்ல பேசுது. சுவாமிமலையில நம்ம கூடத்துல ராத்திரிக்கு ராத்திரி ஓடுது. அதுக்குன்னே வெத்தலையை மடிச்சுகிட்டு உக்காருற உங்க அப்பாயி, இளவரசன் குதிரையில ஏறினதும் தூங்கிடுறா. அவன் எறங்கின பிற்பாடு முழிச்சு, "என்னாச்சு?"ங்கறா. தூங்கறவளுக்குத் தொறந்து கெடக்கு, முழிச்சிருக்கற உனக்கு 'இது உங்கள் பகுதியில் கிடைக்காது'ன்னு கறுப்புத் திரை.

அதுக்கு நீ கண்டுபிடிச்ச வழி என் செல்போன். என் நம்பர்ல கணக்கு, என் பேர்ல சந்தா, எனக்கு வர்ற ஓடிபியை உனக்குப் படிச்சுச் சொல்லணும். பிள்ளை அப்பனுக்கு உபதேசம் பண்ணின ஊருதான் இது, ஒத்துக்கறேன். அறுபது படி ஏறிப் போனா சாமிநாதன் குருவா மேலே நிக்கறான், அப்பன் சுந்தரேஸ்வரர் கீழே இருக்காரு. ஆனா அந்தப் பிள்ளைகூட விடியக்காலம் நாலு மணிக்கு அப்பனை எழுப்பி ஓடிபி கேக்கலை. யாருக்கும் சொல்லாதேன்னு பாங்குக்காரன் ஓயாம சேதி அனுப்பறான். பேத்திக்கு மட்டும் சொல்லலாம்னு அதுல ஒரு வரி போட்டா, அன்னிக்குப் பாத்துக்கலாம்.

நீ பூட்டுனவனைத் திட்டறே. திட்டு, வேணாங்கலை. விவரம் தெரிஞ்சுகிட்டுத் திட்டு. தொடர் எடுத்தவனுக்கு உன் மேலே என்ன கோவம்? அவன் சரக்கை நாட்டுக்கு நாடு கூறு போட்டு வித்திருக்கான். இந்தியாவுக்கு ஒருத்தன் வாங்கிட்டான். ஆஸ்திரேலியாவுக்கு வாங்க வேண்டியவன் இன்னும் வாங்கலை, இல்லாட்டி வாங்கி அலமாரியில வச்சுட்டான். உன் வீட்டு இணைப்புக்கு ஐபி விலாசம்னு ஒரு எண்ணு இருக்காம். அது எந்த நாட்டுதுன்னு பாத்து ஆளை வாசல்லயே மடக்கிடறான். நம்ம தெரு ஸ்தபதி வாக்குற நடராசர் கப்பல் ஏறணும்னா, 'இது பழைய சிலை இல்லை'ன்னு தொல்லியல் துறை சீட்டு வேணும். உனக்கு, 'நான் இந்தியாவுலதான் இருக்கேன்'னு சீட்டு வேணும். அவரு உண்மையைச் சொல்லி வாங்கிட்டுக் கெளம்பிடறாரு. உன் சீட்டுக்குப் பொய் சொல்லணும், அதான் கஷ்டம்.

சினிமாவுல இந்தக் கூறு எப்பவோ வந்தது. செங்கல்பட்டு ஏரியா, கோயமுத்தூர் ஏரியா, மதுரை-ராமநாதபுரம் ஏரியா, திருச்சி-தஞ்சாவூர் ஏரியான்னு பிரிச்சுத்தான் படத்தை விப்பான். வெளிநாட்டுக் கூறுக்கு எஃப்.எம்.எஸ்.னு பேரு. ஏரியாவுக்குள்ளயும் ஏ சென்டர், பி சென்டர், சி சென்டர்னு சாதி உண்டு. மெட்ராசுல ஓடி, திருச்சியில ஓடி, கும்பகோணத்துல ஓடி, பிலிம் தேஞ்சு கோடு கோடா விழுந்த பிற்பாடுதான் படப்பொட்டி கீத்துக் கொட்டகைக்கு வரும். கும்பகோணத்துக்காரன் பாத்துட்டு வந்து கதையைச் சொல்லிடுவானோன்னு நாங்க காதைப் பொத்திகிட்டுத் திரிஞ்சோம். அப்புறம் பொறுக்க மாட்டாம பாட்டுப் புத்தகம் வாங்குவோம். அதுல கதைச்சுருக்கம் போட்டிருப்பான். சரியா கதாநாயகியைத் தூக்கிட்டுப் போற எடத்துல, மீதியை வெள்ளித்திரையில் காண்கன்னு முடிச்சிடுவான். அன்னிக்குப் பட்ட பாட்டுக்கு உன் கறுப்புத் திரை ஒண்ணுமே இல்லை.

டிவிடி வந்தப்பவும் இதே கதைதான். உலகத்தையே ஆறு மண்டலமாப் பிரிச்சு வச்சான். அமெரிக்காவுக்கு ஒண்ணு, சிங்கப்பூருக்கு மூணு, ஆஸ்திரேலியாவுக்கு நாலு, நமக்கு அஞ்சு. சிங்கப்பூர்லேர்ந்து உங்க சின்னத் தாத்தா ஆசையா வாங்கிட்டு வந்த தகடு நம்ம பொட்டியில சுத்துச்சு, படம் மட்டும் வரலை. அது இப்ப தோட்டத்துல காக்கா வெரட்டுது. அங்கே மண்டலம் கேக்கலை.

இப்ப கிட்ட வா, ஒரு ரகசியம் சொல்றேன். உங்கப்பன்கிட்ட சொல்லாதே. நாங்களும் பூட்டைச் சுத்திகிட்டுப் போனவங்கதான். 1952-ல டில்லியில கேஸ்கர்னு ஒருத்தர் ஒலிபரப்பு மந்திரியா வந்தாரு. சினிமாப் பாட்டு ஜனங்களைக் கெடுக்குதுன்னு ஆகாசவாணியிலேர்ந்து அதைக் கழிச்சுக்கட்டப் பாத்தாரு. ஜனங்க கெடறதுக்கு வேற எடம் தேடிகிட்டாங்க, ரேடியோ சிலோன். நம்ம ஊர்ல எடுத்த படத்துப் பாட்டு கடல் தாண்டிக் கொழும்புக்குப் போயி, மயில்வாகனன் குரலோட திரும்பி நம்ம டீக்கடைக்கு வந்துச்சு. தபாலாபீசுல லைசென்ஸ் பணம் கட்டினது நம்ம சர்க்காருக்கு, காதைக் குடுத்தது அயல்நாட்டுக்கு. அஞ்சு வருஷம் பாத்தாங்க. 1957-ல விவித் பாரதின்னு அவங்களே பாட்டுக்கடை போட்டாங்க. கேஸ்கர் நல்ல மனுசன், சங்கீதம் தெரிஞ்சவரு. ஜனங்களைத்தான் தெரியலை.

அப்புறம் ரூபவாகினி. மெட்ராசுல 1975-லயே டிவி வந்துடுச்சு, ஆனா அந்தப் படம் நம்ம பக்கம் எட்டலை. இலங்கையில 1982-ல ரூபவாகினி ஆரம்பிச்சு, அந்த நாட்டுலயே ஒசந்த பிதுருதலாகல மலை உச்சியிலேர்ந்து வீசினான் பாரு, அது கடலைத் தாண்டி இங்கே வந்து விழுந்துச்சு. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் நல்லாத் தெரியும். நம்ம பக்கம், ஆன்டெனாவை ஒசர இரும்புக் குழாய்ல கட்டி, ஒருத்தன் மாடியில நின்னு திருப்ப, ஒருத்தன் கீழேர்ந்து "வந்துடுச்சு, போயிடுச்சு"ன்னு கத்த, காத்துக்கும் மனசு வந்தா மூஞ்சி தெரியும். சிங்களத்துல ஒருத்தி அழுவா, தெருவே சேந்து அழுவும். எதுக்கு அழுதாங்கறது இன்னிக்கு வரைக்கும் தெரியாது. உங்க அப்பாயி மட்டும் அவ மாமியார்தான் காரணம்னு அடிச்சுச் சொல்லுவா.

அந்தப் பக்கத்து ஜனங்க பாடு வேற. 1970-கள்ல சிறிமாவோ அம்மா ஆட்சியில நம்ம வாரப் பத்திரிகைங்க அங்கே போறதுக்குக் கட்டுப்பாடு வந்துச்சு. தொடர்கதையில பாதியில நின்னவங்க பாவம் யாரு கணக்குலயோ. அதனாலதான் அங்கே அவங்க சொந்த எழுத்து செழிச்சுதுன்னு சொல்றவங்களும் உண்டு, அதுலயும் ஞாயம் இருக்கு.

"அப்ப நான் மட்டும் ஏன் சுத்திப் போகக்கூடாது?"ன்னு கேப்பே. கேளு. நாங்க காத்துல வந்ததைப் புடிச்சோம், யாருக்கும் கையெழுத்துப் போட்டுக் குடுக்கலை. நீ சந்தா கட்டறப்போ நீளமா ஒரு நிபந்தனைப் பட்டியலுக்கு, படிக்காம, 'சம்மதம்'னு தட்டியிருக்கே. உங்க அப்பாயி கல்யாணத்துல நானும் அப்படித்தான் தட்டினேன், அதனால சொல்றேன்.

அடுத்தது அந்த விபிஎன். நீ இந்தியாவுல இருக்கற மாதிரி காட்டுமாம். 2022 ஏப்ரல்ல நம்ம சர்க்கார், விபிஎன் நடத்தறவங்க வாடிக்கைக்காரங்க விவரத்தை அஞ்சு வருஷம் வச்சிருக்கணும்னு உத்தரவு போட்டுச்சு. எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன் எல்லாம் இங்கேருந்த சர்வரை மூட்டை கட்டிடுச்சுங்க. எக்ஸ்பிரஸ்காரன் இப்ப இந்திய விலாசம்னு குடுக்கறது சிங்கப்பூர்லயும் பிரிட்டன்லயும் இருக்கற மெஷின்லேர்ந்து. நாலுவழிச் சாலையில பித்தளை டம்ளரை அடுக்கிகிட்டு 'கும்பகோணம் டிகிரி காபி'ன்னு போர்டு வச்சிருக்கானே, அதுமாதிரி. நீ மெல்போர்ன்ல உக்காந்து, சிங்கப்பூர் மெஷினுக்குக் காசு குடுத்து, இந்தியாவுல இருக்கேன்னு சொல்லி, சுவாமிமலையில உங்க அப்பாயி தூங்கிகிட்டே பாக்கற தொடரைப் பாக்கணும். அதுக்கு விமானம் ஏறி வந்துடலாம், வடையாவது கெடைக்கும்.

காசில்லாம ஓசியில தர்றவன்கிட்ட மட்டும் போயிடாதே. ஹோலான்னு ஒண்ணு இருந்துச்சு, ஊரே எறக்கி வச்சுகிட்டுச்சு. அது ஓசியில வச்சிருந்தவங்க வீட்டு இணைப்பையே எடுத்து அடுத்தவனுக்குக் காசுக்கு வுட்டுகிட்டு இருந்த சங்கதி 2015-ல சந்தி சிரிச்சுது. நீ இளவரசன் மூஞ்சியைப் பாத்துகிட்டு இருப்பே, எவனோ உன் விலாசத்துல என்னமோ பண்ணிகிட்டு இருப்பான். போலீசு வந்தா, காதல் தொடர் பாத்தேன்னு சொல்லிப் பாரு, நம்பறாங்களான்னு.

பெரிய கடைக்காரங்க யோக்கியதையும் சொல்லிடறேன். 2016 ஜனவரியில நெட்ஃபிளிக்ஸ் ஒரே நாள்ல 130 நாட்டுக்கு மேலே கதவைத் தொறந்து, உலகமே ஒண்ணுன்னு பேசுச்சு. அதே மாசம், ஒரு நாட்டுலேர்ந்து இன்னொரு நாட்டு அலமாரியை எட்டிப் பாக்கறவனைத் தடுப்போம்னும் சொல்லிடுச்சு. ஐரோப்பாக்காரன் கொஞ்சம் தேவலாம். 2018 ஏப்ரல் 1-லேர்ந்து, ஒரு நாட்டுல காசு கட்டினவன் பக்கத்து நாட்டுக்குத் தற்காலிகமாப் போனாலும் தன் சந்தாவைப் பாக்கலாம்னு சட்டம் போட்டான். முட்டாள்கள் தினத்துல ஆரம்பிச்ச ஒரே புத்திசாலிச் சட்டம். அது அவங்க ஒன்றியத்துக்குள்ள மட்டும்தான், உனக்கு உதவாது. நீ செய்ய வேண்டியது, அந்தக் கம்பெனிக்கு எழுதறது. 'காசை வச்சுகிட்டு நிக்கறேன், சரக்கு குடு'ன்னு எழுது. உன்னை மாதிரி அழுவறவ ஆயிரம் பேரு எழுதினா ஏவாரி தானா வருவான். காசைப் பாத்தா கேஸ்கரே எறங்கி வந்திருப்பாரு.

அது வர்ற வரைக்கும் பொழுது போகணுமே? ராஜா காலத்துக் காதல்தானே வேணும்? நம்ம வீட்டுக் கொல்லையிலேயே கெடக்கு. 'பொன்னியின் செல்வன்'. கல்கி பத்திரிகையில 1950-லேர்ந்து 1954 வரைக்கும் வாராவாரம் வந்துச்சு. எங்க அத்தை சத்தம் போட்டுப் படிக்கும், எழுத்துத் தெரியாத பொம்பளைங்க சுத்தி உக்காந்திருக்கும். பத்திரிகை எங்க தெருவைச் சுத்தி முடிச்சு அடுத்த தெருவுக்குப் போறப்போ மணியம் போட்ட படம் எல்லாம் கத்தரிக்கோலுக்குப் போயிருக்கும். வந்தியத்தேவன் குந்தவையை மொதமொதல்ல பாக்கறது எங்கே? குடந்தை சோசியர் வீட்டுல. அடுத்தாப்புல அரிசிலாத்தங்கரையில, உசிரில்லாத முதலை மேலே வேலை எறிஞ்சு அசடு வழிஞ்சான். அந்த அரிசிலாறுதான் நம்ம ஊருக்குத் தெக்கால ஓடற அரசலாறு. குந்தவை இருந்த பழையாறை பட்டீஸ்வரத்துக்குப் பக்கம். சைக்கிள்ல போயிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிடலாம். மணிரத்னம் இதைப் படமா எடுக்கத் தாய்லாந்துக்கும் ஓர்ச்சாவுக்கும் போனாரு. அரசலாத்துல தண்ணி இல்லைன்னு யாரோ போட்டுக் குடுத்திருப்பாங்க.

வந்தியத்தேவன் பயலும் உன் வழிதான், அதையும் சொல்லிடணும். தஞ்சாவூர்க் கோட்டைக்குள்ள எப்படிப் போனான்? நந்தினி குடுத்த பனை இலச்சினை மோதிரத்தைக் காட்டி. அடுத்தவ பாஸ்வேர்டு! நெட்ஃபிளிக்ஸ் அதையும் 2023-ல நிறுத்திடுச்சு, இன்னிக்கு வந்திருந்தா வாசல்லயே நின்னிருப்பான். இலங்கைக்கு? கோடிக்கரையிலேர்ந்து பூங்குழலி படகுல, ராத்திரியோட ராத்திரியா. ஆனா தாத்தனை எழுப்பி ஓடிபி கேட்டதா அஞ்சு பாகத்துலயும் ஒரு எடத்துலயும் இல்லை.

இந்தக் கதைக்குப் பூட்டே கெடையாது. 1999-ல கல்கி எழுதினதை எல்லாம் சர்க்கார் நாட்டுடைமை ஆக்கிடுச்சு. மதுரைத் திட்டம்னு இணையத்துல ஓசியில கெடக்கு. 1998 பொங்கலுக்கு அதை ஆரம்பிச்ச கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்துல இருந்தவரு. ஊரைவுட்டுப் போன உன்னை மாதிரி ஆளுங்க, அழுவாம, உக்காந்து ஒவ்வொரு எழுத்தாத் தட்டியிருக்காங்க.

படிச்சு முடிச்சுட்டு, வந்தியத்தேவனுக்கும் குந்தவைக்கும் கல்யாணம் ஆச்சா இல்லையான்னு கேட்டு எனக்குப் போன் போடுவே. போடாதே. பெரிய கோயில் கல்வெட்டுலயே இருக்கு. குந்தவை ராசராசனுக்கு அக்கா, வல்லவரையர் வந்தியத்தேவருக்குத் தேவின்னு, அவ குடுத்த செப்புத் திருமேனிக் கணக்கோட சேத்து வெட்டி வச்சிருக்கான். ஆயிரம் வருஷமா முடிவு செவுத்துல கெடக்கு, டிக்கெட்டும் கெடையாது. அடுத்த தடவை வர்றப்போ நானே கூட்டிட்டுப் போறேன். விடியக்காலமே கெளம்பணும், அப்ப நீ எழுந்திரு. வெயில் ஏறிட்டா செருப்பில்லாம அந்தக் கல்லுல நிக்க முடியாது.